நாற்காலிக்கு இட்ட சந்தனம்

மராத்தி ஊரான நிக்டியில் வைஜயந்தியின் வீட்டு மாடிப்படி மகா குறுகல். ஒருவர் இறங்கினால் எதிரே வருபவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் படியோரமாகத் தண்டவாளம் போல ஒன்றைப் பதித்து, அதன்மேல் ஒரு நாற்காலியை ஏற்றியிருந்தார்கள். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் அது மாடிக்கும் கூடத்துக்கும் போய்வரும். விஜயதசமி காலையில், பாதிப்படியில், அந்த நாற்காலி நின்றுவிட்டது. அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் பட்டாபிராமன்.

"ஏன்னா, பட்டன்லேர்ந்து கையை எடுத்துட்டேளா?" என்றாள் வைஜயந்தி, அவருக்குப் பின்னால் மேல்படியில் நின்றபடி.

"எடுக்கலைடி. அமுக்கிண்டுதான் இருக்கேன். அதுவா நின்னுடுத்து."

இதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

பட்டாபிராமனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப் பல நாளாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அதற்கு முன்பே வந்த பக்கவாதத்தில் இடது கால் மரக்கட்டையாகிவிட்டது. நேற்று ஆயுத பூஜை என்று பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார், தாகம் என்று தண்ணீரையும் குடித்தார். வைஜயந்தி கத்தினாள். யார் கேட்டது? ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். காலையில் டயாலிசிஸ் சென்டர் நர்ஸ் மேரிக்குப் போன் செய்தபோது அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். "நெஞ்சுல தண்ணி கட்டியிருக்கும்மா, ஒரு நிமிஷம் வேஸ்ட் பண்ணாம கூட்டிட்டு வாங்க."

வாசலில் ஆரோக்கியசாமியின் கார் நின்றிருந்தது. பக்கத்து ஊரான தாபோடிக்காரர். ஒவ்வொரு தடவையும் அவர்தான் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறவர். ஓடிவந்து கீழ்ப்படிகளில் ஏறி, பட்டாபிராமனின் அக்குளில் கை கொடுத்துப் பார்த்தார். ஆள் பாரி சரீரம், கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. நாற்காலி படியை அடைத்துக்கொண்டு நின்றது.

"தூக்கலாம்மா. ஆனா கால் வழுக்குச்சுன்னா நானும் சாரும் சேந்து உருளுவோம்," என்றார்.

வைஜயந்தி நாற்காலி கம்பெனிக்குப் போன் போட்டாள். தசரா வாழ்த்துகளை ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது, மராத்தியில் சொன்னது, அலுவலகம் நாளைதான் திறக்கும் என்றது. போனை அந்தச் சுவரிலேயே அடித்து உடைக்கலாம் போல வந்தது அவளுக்கு.

இத்தனைக்கும் அந்த நாற்காலியை அவள் பார்த்துக்கொண்டது போல யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டிக்கொடுத்த மெக்கானிக் இஸ்மாயில் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைப்பாள். படியில் செருப்போ துணிக்கூடையோ கிடந்தால் கால்தட்டு இடித்து நின்றுவிடும் என்று ஒரு பொருளை அங்கே வைக்க விடமாட்டாள். "எண்ணெய் போடாத மெஷின் ஒரு மெஷினா?" என்று பட்டாபிராமன் மெஷின் ஆயிலை எடுத்தபோது, கையிலிருந்து பிடுங்கி வைத்தவள் அவள். எண்ணெய் விட்டால் தூசி அப்பிக்கொள்ளும், கூடவே கூடாது என்று இஸ்மாயில் சொல்லியிருந்தான். "பேட்டரியிலதான் ஓடுது. மேலயோ கீழயோ கடைசிவரைக்கும் கொண்டுபோய் நிறுத்துங்க, அங்கதான் சார்ஜ் ஏறும். பேட்டரிக்கு வயசாச்சு, மாத்திடலாம்," என்றும் சொல்லியிருந்தான். தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டது அவர்கள்தான்.

பின்னே ஏன் நின்றது?

"அந்தக் கைப்பிடி எங்கே?" என்றார் பட்டாபிராமன்.

கரண்டும் பேட்டரியும் கைவிட்டால் நாற்காலியின் அடியில் ஒரு துளையில் சொருகி, கையால் சுற்றி இறக்குவதற்கென்று ஒரு வளைந்த கைப்பிடி உண்டு. படிக்குக் கீழே கொக்கியில் தொங்கும். இப்போது கொக்கியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். பூஜை அறையில் இருந்தது.

பட்டாபிராமன் தொழிற்சாலையில் லேத் ஓட்டியே ரிடையர் ஆனவர். ஆயுத பூஜை என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. அன்றைக்கு மெஷினுக்கு முழு ஓய்வு, அதைத் தொட்டாலே பாவம். வீட்டிலிருக்கும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், வெர்னியர், இவள் கத்தரிக்கோல் எல்லாம் பூஜையில் ஏறிவிடும். மறுநாள் புனர் பூஜை செய்து நகர்த்தும்வரை ஒரு குண்டூசியைக்கூட எடுக்கக் கூடாது. நேற்று மாடியில் இருந்தபடியே, "அந்தக் கைப்பிடியும் ஆயுதம்தான், வை," என்று உத்தரவு போட்டார். இவளும் வைத்தாள். காலையில் சென்டருக்குப் போகிற அவசரம், புனர் பூஜையை வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"ஆரோக்கியசாமி!" என்று கத்தினாள். "பூஜை ரூம்ல, சிவப்புப் பட்டுத் துணிக்கு அடியில இருக்கு. வளைஞ்ச இரும்பு. எடுத்துண்டு வாங்கோ!"

"எடுக்கப்படாது," என்றார் பட்டாபிராமன்.

"என்னது?"

"புனர் பூஜை ஆகலை. ஒரு கற்பூரமாவது காட்டிட்டு..."

"யாரு காட்டறது? நான் மேல மாட்டிண்டு நிக்கறேன். ஆரோக்கியசாமியா உங்களுக்குப் புனர் பூஜை பண்ணுவார்?"

"அம்மா, செருப்பக் கழட்டிட்டேன்," என்று கீழிருந்து சங்கடமாகக் குரல் வந்தது. "உள்ள போலாங்களா? சார் ஏதாச்சும் சொல்லுவாரா?"

"கொஞ்சம் இரு, வைஜூ. முப்பது வருஷமா நான்..." அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது.

வைஜயந்திக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "வாயை மூடுங்கோ! நீங்க செத்துப் போனா அந்த ஸ்பேனரா வந்து எனக்குத் துணை இருக்கப் போறது?" என்று அலறினாள். பிறகு கீழே பார்த்து, "போங்கோ, எல்லாத்தையும் தள்ளிட்டு எடுங்கோ!" என்றாள்.

உள்ளே தாம்பாளம் விழுகிற சத்தம் கேட்டது. பட்டாபிராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

சாவியைத் திருப்பி நாற்காலியை அணைத்துவிட்டுத்தான் கைப்பிடியைச் சொருக வேண்டும் என்பது நினைவு வந்து, வைஜயந்தி பின்னாலிருந்து எட்டிச் சாவியைத் திருப்பினாள். இதே சாவியைத் திருப்பித்தான் நேற்றும் அணைத்தாள். நேற்று மத்தியானம் நாற்காலி பீப் பீப் என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. "ஓய்வு நாள்லகூட என்ன கத்தல், அணை," என்றார் அவர். அணைத்தாள். சார்ஜ் ஏறாவிட்டால்தான் அப்படிக் கத்தும் என்று இஸ்மாயில் சொன்னது இப்போது, இந்தக் கேடுகெட்ட நிமிஷத்தில், ஞாபகம் வந்தது.

திரும்பி மாடி முனையைப் பார்த்தாள். வழக்கமாக நாற்காலி அதை மறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது தண்டவாளத்தின் கடைசி பளிச்சென்று தெரிந்தது. அங்கே சின்னதாக இரண்டு செப்புத் தகடுகள். சார்ஜ் ஏறுகிற இடம். நேற்றுக் காலை நாற்காலியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் துடைத்தபோது, அவை இரண்டும் கண் மாதிரி மின்னின. மெஷினுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று தோன்றி, குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, நாற்காலியைப் பழையபடி மேலே ஏற்றி நிறுத்தினாள். சந்தனம் பூசி மெழுகினது போல அந்தத் தகடுகளில் காய்ந்து கிடந்தது.

ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டு சார்ஜ் ஏறவில்லை. அவரைப் பாதிப்படியில் தொங்கவிட்டது அவள் விரல்தான். மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆரோக்கியசாமி கைப்பிடியோடு வந்தார். அதிலும் சந்தனம், குங்குமம். பேன்ட்டில் துடைத்துத் துளையில் சொருகி, சுற்றத் தொடங்கினார். சுற்றச் சுற்ற நாற்காலி எறும்பு ஊர்கிற மாதிரிதான் இறங்கியது. ஆரோக்கியசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வைஜயந்தி கணவரின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கினாள். அவருடைய மூச்சு விசில் மாதிரி கேட்டது. அது கேட்கிறவரைக்கும் உயிர் இருக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பிள்ளையாரையும் அம்பாளையும் கூப்பிட நாக்கு எழுந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

"நான்தான்," என்றாள் அவர் காதருகே. "சார்ஜ் ஏறற இடத்துல சந்தனத்தை அப்பிட்டேன். நான்தான் பண்ணினேன்."

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

கீழே வந்ததும் ஆரோக்கியசாமி அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, காரில் ஏற்றினார். சாலையில் எந்த வண்டியைப் பார்த்தாலும் சாமந்தி மாலை, எந்த முகப்பிலும் குங்குமம். வைஜயந்தி எதையும் பார்க்கப் பிடிக்காமல், அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சென்டரில் மேரி தயாராக இருந்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, கையில் ஊசிக்கு இடம் தேடினாள். "வந்துட்டீங்கல்ல, பாத்துக்கலாம்மா," என்றாள். அப்போதுதான் வைஜயந்தி டயாலிசிஸ் மெஷினை ஏறிட்டுப் பார்த்தாள். நேற்று இங்கேயும் யாரோ பூஜை போட்டிருக்கிறார்கள். மெஷின் நெற்றியில் மஞ்சள், குங்குமம், ஒரு சாமந்திச் சரம்.

சரத்தைப் பிய்த்தெறிந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தேய் தேய் என்று தேய்த்தாள்.

"அம்மா, அது வெளிய பாடிதான். உள்ள ஒண்ணும் ஆகாது," என்றாள் மேரி.

வைஜயந்தி நிறுத்தவில்லை. படுக்கையிலிருந்து பட்டாபிராமனின் கை எழும்பியது. தடுக்கத்தான் வருகிறார், தொடாதே என்று சொல்லத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"ஸ்விட்ச் பக்கத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார். "அதையும் துடை, வைஜூ."