குழாய்க்கு ரிக்கு முறுக்கு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மனிதரின் பெருமையைத் தரைக்கு மேலே கட்டிய வீட்டை வைத்து அளப்பதில்லை. தரைக்குக் கீழே எத்தனை அடி போனவர் என்றுதான் விசாரிப்பார்கள். அந்தக் கணக்கில் குமரகுரு பெரிய மனிதர். மீசை அரும்பிய நாளிலிருந்து ரிக்கு வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவர். வேலைக்குப் போகும் சத்தீஸ்கர் பக்கத்துப் பாறையின் குணம் அவருக்கு அத்துபடி. தன் வீட்டுக் கொல்லைக் குழாயின் குணம்தான் பிடிபடவில்லை. வருஷத்தில் மழைக்காலம் மட்டும் வீட்டில் இருப்பவருக்குக் குழாயோடு என்ன பழக்கம் இருக்க முடியும்?

அப்படிப்பட்டவர் இந்த முறை வந்ததும், இனி ரிக்குக்குப் போவதில்லை, வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று அறிவித்தார். வண்டி மச்சினன் தனசேகருடையது. திங்கட்கிழமை கிளம்புகிறது. துளை போடத் தெரிந்த டிரில்லர் மாமா இல்லாமல் எப்படி என்று அவன் போனுக்கு மேல் போன் போட்டான்.

மனைவி சரிதாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அவள் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் மகள். வந்த சரக்கை முகர்ந்து பார்க்காமல் இறக்கும் வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. இத்தனை வருஷமாக வீட்டில் எது கழன்றாலும் எது ஒழுகினாலும் அவளே பார்த்திருக்கிறாள். ரிக்குக் கையோடு ஒருவர் சும்மா வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாதிரியும் கிடைத்துவிட்டது.

மாதிரி, சமையலறைக் கதவு. கீலில் ஸ்குரூ பிடிக்காமல் ஆடியது. குமரகுரு ஒரு லாரி போல்ட்டைக் கதவில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து நட்டுப் போட்டு இறுக்கினார். கதவு ஆடவில்லை. துருத்திக்கொண்டிருந்த போல்ட்டு வாலில் சரிதாவின் நல்ல சேலைதான் மாட்டிக் கிழிந்தது. அவள் போல்ட்டைக் கழற்றினாள். ஸ்குரூ ஓட்டையில் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் திணித்தாள். ராத்திரி முழுக்கக் காயவிட்டாள். போல்ட்டு போன பெரிய துளையை மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்தாள். காலையில் அதே பழைய ஸ்குரூவைத் திருகினாள். அன்றிலிருந்து அந்தக் கதவு சத்தமே இல்லாமல் சாத்துகிறது. அந்தச் சத்தமில்லாமைதான் குமரகுருவின் காதைக் குடைந்தது.

ஆகவே பேரம் நடந்தது. அவர் ஒரு வருஷம் பார் என்றார். அவள் ஒரு நாள் என்றாள். அவர் ஆறு மாதத்துக்கு இறங்கி, ஒரு மாதத்துக்கு வந்து, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வரை என்று படிந்தது. அதுவரை வீட்டு ரிப்பேர் எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் கூப்பிடக் கூடாது. ஜெயித்தால் வீட்டோடு இருக்கலாம். தோற்றால் திங்கட்கிழமை வண்டி ஏற வேண்டும்.

"ரிப்பேர் பண்ணலாமுங்க," என்றாள் சரிதா. "ரிப்பேர் உண்டாக்கக் கூடாது."

அந்த வாரம் மனிதர் நன்றாகவே தேறினார். மழைக்கு ஊதிப்போய்த் தரையில் உரசிய குளியலறைக் கதவின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வழுக்க வைத்தார். மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தை மாற்றினார். சனிக்கிழமை இரவு தூங்கப் போகும்போது, தனசேகர் வேறு டிரில்லர் தேடட்டும் என்ற தெம்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக் குழாய் சொட்டியது.

உள்ளே இருக்கும் வாசரை மாற்றினால் போதும் என்றாள் சரிதா. கையில் ஒட்டுகிற அந்த ரப்பர் துண்டுக்காகவா நான் வீட்டோடு இருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, புதுக் குழாயே மாட்டுகிறேன் என்று கிளம்பினார். டேங்க் காலியாகட்டும், மேலே வால்வு மூடாது என்று அவள் பின்னால் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

தெருமுனை ஹார்டுவேர் கடை சின்னண்ணன், ஆள் நடந்து வரும் வேகத்திலேயே என்ன உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பித்தளைக் குழாயையும் டேப்பையும் எடுத்து வைத்தார். மரையில் டேப்பை எந்தப் பக்கம் திருகுகிறோமோ அந்தப் பக்கமே சுற்ற வேண்டும் என்றார். பிறகு பைப் வளையும் இடத்தில் மாட்டும் ஓர் எல்போவையும் பைப் பசை டப்பாவையும் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்குங்க? பைப்பு நல்லாத்தான் இருக்குது," என்றார் குமரகுரு.

"இப்ப நல்லாத்தானுங்க இருக்கும். கையில முறுக்குங்க, பொறவு ஸ்பேனர்ல கால் சுத்து. அதுக்கு மேல வேண்டாம். அது பிளாஸ்டிக்கு, உங்க ராடு இல்ல."

பூமிக்குள் ஆயிரம் அடிக்குத் துளையிடும் ராடு முறுக்கியவரிடம் வந்து கால் சுற்றா? எல்போவைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சின்னண்ணன் அதையும் பசையையும் எடுத்துப் பைக்குள் போட்டார். உடையாவிட்டால் திருப்பிக் கொடுங்கள், உடைந்தால் வந்து சொல்லக்கூட வேண்டாம் என்றார்.

டேங்க் காலியானதும் வேலை தொடங்கியது. பழைய குழாயைக் கழற்றி, டேப்பைச் சரியான பக்கம் சுற்றி, புதுக் குழாயைக் கையால் முறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றும் கொடுத்தார். இதுவரை ஒரு குற்றமும் இல்லை. மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்பினார். குழாயும் எல்போவும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தது.

அந்த ஈரத்துக்கு மருந்து, மறுபடி கழற்றி இன்னும் இரண்டு சுற்று டேப். ஆனால் ரிக்கில் ஒழுகினால் ஒரே மருந்துதான்: இன்னும் இறுக்கு. குமரகுரு பைப் ரென்ச்சை எடுத்தார். அதன் பிடியில் ஒரு முழ இரும்புக் குழாயைச் செருகி நீட்டினார். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, பாறை தட்டும்போது மூச்சை அடக்குவதுபோல் அடக்கி, ஒரு இழுப்பு.

டிக்.

ரொம்பச் சின்னச் சத்தம். பித்தளைக் குழாய் சலவைக் கல்லைத் தாண்டிப் போய் விழுந்தது. சுவரோரம் இறங்கும் பிளாஸ்டிக் பைப்பின் நுனியில் எல்போ இரண்டாகப் பிளந்து, டேங்க் தண்ணீர் பீறிட்டது. போரில் இப்படித் தண்ணீர் வந்தால் தோட்டத்துச் சொந்தக்காரர் கற்பூரம் ஏற்றுவார். இங்கே சரிதா ஓடிவந்து பழைய துண்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். முகம், சேலை, பின்னால் காய்ந்த மிளகாய் எல்லாம் நனைந்தன.

"மேல போயி வால்வ மூடுங்க."

"மூடாதுன்னு சொன்னியே அம்மிணி."

"டேங்க் காலியாகற வரைக்கும் நான் இப்பிடியே நிக்கட்டுமா?"

குமரகுரு ரென்ச்சோடும் இரும்புக் குழாயோடும் மாடிக்கு ஓடினார். வால்வின் சக்கரம் கல்லாகச் சமைந்திருந்தது. ரென்ச்சை மாட்டி, இரும்புக் குழாயைச் செருகி, காலைக்கூட எடுத்து டேங்க்கில் வைத்துவிட்டார். அப்போதுதான் அந்தச் சின்ன 'டிக்' காதுக்குள் மறுபடி கேட்டது. இங்கே உடைந்தால் மூடுவதற்கு மேலே வேறு வால்வு இல்லை.

காலை இறக்கினார். பாறைக்குள் ராடு சிக்கினால் என்ன செய்வோம் என்று யோசித்தார். முரட்டு இழுப்பு இழுக்கிறவன் ராடைக் குழியிலேயே விட்டுவிட்டு வருவான். தெரிந்தவன் ஆட்டுவான். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பூமியைத் தாஜா பண்ணி வாங்குவான். அந்த வித்தையில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வீட்டுக்கு வரும்போதுதான் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்.

கீழே ஓடித் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தார். வால்வின் தண்டில் விட்டார். ரென்ச்சின் பிடியால் சுற்றிலும் மெல்லத் தட்டினார். சக்கரத்தை வெறுங்கையால் பிடித்து இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று ஆட்டத் தொடங்கினார்.

"ஏனுங், மூடறீங்களா, தூங்கறீங்களா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சக்கரம் முனகியது. கொஞ்சம் அசைந்தது. திரும்பிவந்து, இன்னும் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் சமாதானத்துக்கு வந்த சம்பந்திபோல மளமளவென்று சுற்றி மூடிக்கொண்டது. கீழே தண்ணீர் நின்றது.

சொட்டச் சொட்ட நின்ற சரிதாவிடம், வால்வைக் கெட்டியாக்கிய முட்டாள் யார் என்று வீராப்பாகக் கேட்டார். போன மழைக்கு வந்தபோது திறந்துவிட்டு, கோடி வரைக்கும் இறுக்கிவிட்டுப் போன ரிக்குக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றாள். முழுக்கத் திறந்த பிறகு அரைச் சுற்று திருப்பி விட்டிருந்தால் இத்தனை நாள் அவள் டேங்க் காலியாகக் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

குமரகுரு குழாய்ப் பக்கம் திரும்பினார். பையைத் திறந்தால் சின்னண்ணனின் எல்போ. உடைந்ததை வெட்டி எடுத்து, பைப்பின் ஈரத்தைத் துடைத்து, பசை தடவிப் புதியதைச் சொருகிப் பிடித்தார். காய்வதற்கு விட்டுவிட்டு இருவரும் சாப்பிட்டார்கள். பேரத்தில் தோற்றாயிற்று என்று அவர் தன் பையில் மடித்து வைக்க வேண்டிய லுங்கிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பித்தளைக் குழாய்க்குப் புது டேப் சுற்றிக் கையால் முறுக்கினார். ஸ்பேனரில் கால் சுற்று. நிறுத்தினார். கை அதற்கு மேல் போகத் துடித்தது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேலே போய் வால்வைத் திறந்து, மறக்காமல் அரைச் சுற்று திருப்பினார். இறங்கி வந்து இருவரும் குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். பொட்டு ஈரம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தனசேகரின் போன். சரிதாவே எடுத்தாள். விடியற்காலையில் வண்டி கிளம்புகிறது, மாமா தயாரா என்று கேட்டான்.

சரிதா கணவனைப் பார்த்தாள். சட்டையெல்லாம் வால்வுக்கு விட்ட தேங்காய் எண்ணெய்.

"உங்க மாமாவுக்கு இங்க ஒரு வேலை அமைஞ்சு போச்சு சாமி. நீ வேற ஆளப் பாத்துக்கோ," என்றாள்.

போனை வைத்த பிறகு, தோற்றுவிட்டேனே என்று குமரகுரு மெதுவாகக் கேட்டார். எல்போவில் தோற்றீர்கள், வால்வில் ஜெயித்தீர்கள், எனக்கு வால்வுதான் விலை கூடினது என்று சொல்லிவிட்டு, அந்த இரும்புக் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் குமரகுரு கடைக்குப் போய், கழற்றி வைத்த பழைய குழாய்க்கு ஒரே ஒரு வாசர் கேட்டார். சின்னண்ணன் அதைக் கொடுத்துவிட்டு, புதிதாக வந்த நீளப் பிடி ரென்ச் ஒன்றை ஆசையாக எடுத்து நீட்டினார்.

"வேண்டாமுங்க," என்றார் குமரகுரு. "கை இருக்குது."

நல்ல வாடிக்கை ஒன்று கெட்டுப்போனதே என்ற முகத்தோடு சின்னண்ணன் ரென்ச்சை மறுபடி ஆணியில் மாட்டினார்.