கறுப்பிக்கு என்ன வயசு

கறுப்பிக்குப் பதினெட்டு வயசு. இதைத் தெருவில் எவன் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காதவனுக்கும் சொல்லுவேன். என் மகள் கல்யாணம் முடிந்த மாசம் எங்கள் சோபா பட்டறைக்குள் நுழைந்த குட்டி அது. மகள் பெற்ற பெண் இப்போது காலேஜ் போகிறாள். இதில் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

பூனை டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கறுப்பியின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார். "பத்து இருக்கும் ஐயா. மிஞ்சிப்போனா பதினொண்ணு."

"நீங்க பல்லைப் பார்த்துச் சொல்றீங்க. நான் கூடவே இருந்து சொல்றேன்."

"வீட்டுக்குள்ளயே வளர்ந்து, கருத்தடை பண்ணி, நல்ல சாப்பாடும் கிடைச்சா இருபது வரைக்கும்கூட இருக்கும். ஆனா பதினெட்டு வயசுப் பூனை இப்படி மேஜையிலேருந்து அலமாரிக்குத் தாவாது."

"அது நான் வளர்த்த வளர்ப்பு. பால் கிடையாது. வேகவெச்ச மீன், முள் எடுத்து. ரோட்டுல கால் வைக்க விட்டதில்லை."

பெருமை பேசினேனே தவிர, நான் வந்த காரணம் வேறு. கறுப்பியின் அடிவயிற்றில் கோலிக்குண்டு அளவு கட்டி. டாக்டரம்மா பட்டென்று சொன்னார்: பத்து வயசு என்றால் நாளைக்கே எடுத்துவிடலாம், இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும். நிஜமாகவே பதினெட்டு என்றால் மயக்க மருந்தே தாங்காமல் போகலாம், கத்தி வைக்க மாட்டேன், இருக்கிறவரை நிம்மதியாக இருக்கட்டும்.

"ரத்த டெஸ்ட் சுமாரா இருக்கு. அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியலை. நல்லா யோசிச்சு வயசைச் சொல்லுங்க."

பட்டறைக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். என் பெண்டாட்டியின் தம்பி. முப்பது வருஷமாக என்னோடு சோபா தைக்கிறான். "பல்லைப் பார்த்து வயசு சொல்றாங்களாம். பூனையா, மாடா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்டேப்ளரைக் கீழே வைத்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது."

"முதல்ல சொல்லு. அடிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

எட்டு வருஷத்துக்கு முன் நடந்தது. ஒரு சோபாவைக் கவிழ்த்து ஸ்பிரிங் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கறுப்பி அதற்குள் படுத்துவிட்டது. கறுப்பு ரெக்சின், கறுப்புப் பூனை. இவன் கவனிக்காமல் அடித்துணியை இழுத்து அடித்து, வண்டியில் ஏற்றி, ஒரு டீச்சர் வீட்டில் இறக்கிவிட்டான். சாயங்காலம் டீச்சர் போன் பண்ணினார், சோபா கத்துகிறது என்று. ஓடிப்போய்த் துணியைக் கிழித்துப் பூனையைத் தூக்கிவந்தான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாதது மிச்சம்தான்.

"டீச்சர் வீட்டுலயும் ஒரு கறுப்புப் பூனை இருந்துச்சு மாமா. துணியைக் கிழிச்சதும் நம்மது பாய்ஞ்சு கட்டிலுக்கடியில போச்சு. அங்க ஏற்கெனவே அது படுத்திருந்துச்சு. நாலு கண்ணு தெரிஞ்சுது. கையில மாட்டினதைப் பிடிச்சுட்டு வந்துட்டேன்."

"எட்டு வருஷமா இதை வாய்க்குள்ளயே வெச்சிருந்தியா?"

"நீங்களே பார்த்துட்டு, கறுப்பி கறுப்பினு கொஞ்சினீங்க. மாமாவுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

அதுதான் சுருக்கென்றது. அன்றைக்கு வந்த பூனை நாலு நாள் சோறு தொடவில்லை, என் பக்கமே வரவில்லை. பயந்துபோயிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் குட்டி மாதிரி நூல்கண்டை உருட்டியது. என் மீன் செய்த வேலை என்று ஊரெல்லாம் சொன்னேன்.

மச்சானை அடிக்கவில்லை. டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். கட்டிலுக்கடியில் நடந்ததையும், காலையில் பூனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதையும் சொன்னதும் அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார்.

"எங்க பூனை செத்து மூணு வருஷமாச்சு பெரியவரே. ஏழு வயசுதான். பல்லு கொட்டி, கிட்னி போயி... டாக்டர் வயசான பூனைன்னார், நான் அவரோட சண்டை போட்டேன். என்னத்தைப் போட்டுக் கெடுத்தேனோன்னு இன்னும் மண்டையை உடைச்சுக்கிறேன்."

அது என்னுடையது என்றால் சாகும்போது வயசு பதினைந்து. பல்லும் கொட்டும், கிட்னியும் போகும். ஆனால் ஏழு வயசில் கிட்னி போன பூனைகளும் உண்டு என்று அந்த அம்மாவே சொன்னார்.

போட்டோ எடுத்துவந்தார். கறுப்புச் சோபாவில் கறுப்புப் பூனை. இரண்டு கண் தெரிந்தது. எந்தப் பூனையின் கண்ணாகவும் இருக்கலாம்.

"உங்ககிட்ட இருக்கிறது பிளாஸ்டிக் கவரை நக்குமா?" என்று கேட்டார்.

"நக்கும்."

"அப்போ அது என்னுது!"

"முன்னாடியும் நக்குச்சேம்மா."

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியா?"

யோசித்தேன். நக்கியது மாதிரியும் இருந்தது, நக்காதது மாதிரியும் இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பதினெட்டு என்று சொன்னால் என் பேச்சு ஜெயிக்கும், கட்டி பூனையைத் தின்றுவிடும். பத்து என்று சொல்லி, அது பதினெட்டாகவே இருந்தால் நானே கொன்ற மாதிரி. பத்தாகவே இருந்தால், என் பூனை டீச்சர் வீட்டில் செத்துப்போய் மூன்று வருஷம், எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலை டாக்டரம்மா பேனாவோடு கேட்டார். "வயசு?"

"பத்துனு போடுங்க."

"நேத்து அவ்வளவு அடிச்சுப் பேசினீங்க?"

"உங்க கண்ணு சொல்றதையே எழுதுங்கம்மா. என் கண்ணை நான் இனிமே நம்பறதா இல்லை."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மச்சான் என் கைக்கு எட்டாமல் வாசலில் நின்றான். யாரும் கூப்பிடாமலே டீச்சர் வந்து பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்தார். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு," என்றார். எனக்கு விரட்டவும் தெரியவில்லை, வாங்க என்று சொல்லவும் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"முழிச்சிருச்சு, நல்லா இருக்கு. பூனைக்காரங்க மட்டும் உள்ள வாங்க."

நானும் எழுந்தேன், டீச்சரும் எழுந்தார். யார் முதலில் போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம்.