கூப்பிட ஆளில்லாத ஃபங்ஷன்கள்

ஜிஜா எழுதிய கம்ப்யூட்டர் கருவி முதல் தடவையாக முழுசாக ஓடி முடித்தபோது, திரையில் வரிசையாக ஃபங்ஷன்களின் பெயர்கள் வந்து நின்றன. மேலிருந்து கீழ்வரை எல்லாம் சஜன் எழுதியவை. இவற்றை யாரும் கூப்பிடுவதில்லை, அழித்துவிடலாம் என்று கருவி அடித்துச் சொன்னது. ஜிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லா வேணும் அவனுக்கு! வாய்விட்டே சொன்னாள். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் இன்னொரு தரம் சத்தமாகவும் சொன்னாள்.

விஷயம் இதுதான். ரப்பர் பாலை விலைக்கு எடுக்கிற கடைகளுக்கான புரோகிராம் ஒன்று உண்டு. பாறசாலையில் இருந்து காட்டாக்கடை வரை இன்றைக்கும் கடைக்காரர்கள் பாலை அளந்து அதில்தான் பதிகிறார்கள். படிப்பு முடித்த சூட்டோடு அதை எழுதியவர்கள் ஜிஜாவும் சஜனும். பிறகு திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டது. ஜிஜா பெங்களூருக்குப் போய், நாலு இடம் சுற்றி, இப்போது அதே கம்பெனிக்கு உதியன்குளங்கரை வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறாள். சஜன் எங்கேயும் போகவில்லை. அந்தப் புரோகிராமைப் பார்த்துச் சரி செய்வதுதான் அன்றும் இன்றும் அவன் பிழைப்பு. இருவரும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர், முதலில் அதைப் பிரித்து ஒரு மரமாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு கிளை. ஜிஜாவின் கருவி அந்த மரத்தில் ஒரு கிளை விடாமல் ஏறி இறங்கி, எந்த ஃபங்ஷன் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது என்று பார்க்கும். ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, கல்யாணம் அல்ல. புரோகிராமுக்குள் ஏதாவது ஒரு வேலையை மட்டும் செய்து கொடுக்கிற சிறு துண்டு. யாராவது கூப்பிட்டால்தான் வந்து செய்யும். கூப்பிட ஆளில்லாதது வீண் பாரம், கழித்துவிடலாம். பழைய புரோகிராமின் எடையைக் குறைக்கத்தான் கம்பெனி இந்தக் கருவியைக் கேட்டிருந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு மானேஜர் ஜின்சி போனில் வந்தாள். "சேச்சி, சூப்பர்! அப்போ சஜன் எழுதினது முழுக்க வேஸ்ட்டாக்கும், இல்லியா? அதை வெட்டிக் கழிச்சா மிச்சத்தைப் பாக்க இங்க உள்ள பிள்ளைகளே போதும். சஜனை நிப்பாட்டிரலாம். திங்கக்கிழமை ரிப்போர்ட் தந்திருங்க."

ஜிஜா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஜின்சி வைத்துவிட்டாள். சண்டைக்காரன்தான், வருஷக்கணக்காகப் பேசாதவன்தான். அதற்காக அவன் சோற்றில் மண் போடவா இத்தனை பாடுபட்டு இந்தச் சனியனை எழுதினோம்? அதோடு, சஜன் எழுதியது முழுக்க வேஸ்ட் என்று கருவி சொன்னால் ஆச்சா? வேஸ்ட்டாக எழுதுகிறவனா அவன்?

அவளுக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. ஷிபு அண்ணனின் டயர் கடைக்கு மேலே. கீழே டயர், மேலே ரப்பர் பால் புரோகிராம். மூக்கைத் திருப்பின பக்கமெல்லாம் ரப்பர்தான். இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஃபேன். சாயங்காலம் ஒரு பொட்டலம் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வரும், கடைசித் துண்டுக்கு அடிபிடி நடக்கும். ஏதாவது ஒன்று சரியாக ஓடிவிட்டால் இருவரும் போடுகிற கூச்சலில் ஷிபு அண்ணன் கீழேயிருந்து கத்துவார். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் பிறகு எந்த ஏசி ஆபீசிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு நல்ல காலம் அது!

அதைக் கெடுத்தது அந்த விற்பனைப் பேச்சு. கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் ஜிஜா. உயிர் போனாலும் தரமாட்டேன் என்றான் சஜன். பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்க முடியாது, ஓணத்துக்கு முன்னால் கடைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட இரண்டு பேர் இந்தப் பக்கத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் இவர்களும் செய்தார்கள். மூன்றாம் ஆள் வழியாகப் பேசினார்கள்.

"அண்ணா, அந்த ஆளுட்ட ஃபேனை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க," என்பாள் ஜிஜா.

"அண்ணா, ஃபேன் ஒருத்தருக்க சொத்து இல்லண்ணு சொல்லுங்க."

ஷிபு அண்ணன் கையில் ஸ்பேனரோடு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். "எலே, ஒரு முழத்துல இருந்துகிட்டு எனக்கு எதுக்குடே இந்தப் பாடு? நான் பஞ்சர் ஒட்டாண்டாமா?"

புரோகிராமுக்குள்ளும் இதே கூத்துதான். சஜன் எழுதியதை நேரே கூப்பிட ஜிஜாவுக்கு ரோஷம், அவனுக்கும் அப்படியே. அதனால் நடுவில் ஒரு அட்டவணை வைத்தார்கள். அதில் எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு ஃபங்ஷன். அவன் ஃபங்ஷன் வேண்டுமென்றால் அவள் எண்ணை மட்டும் அட்டவணையிடம் கொடுப்பாள், அது போய்க் கூப்பிட்டுக்கொண்டு வரும். ஊரில் எந்தக் கம்பெனியிலாவது இரண்டு பேர் சண்டையை இப்படிக் கொண்டுபோய்ப் புரோகிராமுக்குள் வைப்பார்களா? இவர்கள் வைத்தார்கள். கடைசியில் ஜிஜா சொன்னபடியே புரோகிராம் விற்றுப்போனது, அவளும் ஊரைவிட்டுப் போனாள். சஜன் அப்புறமும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தான் எழுதிய ஒவ்வொன்றையும் அட்டவணையிலேயே போட்டுவந்தான்.

ஜிஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய கருவி நேராகக் கூப்பிடுவதை மட்டும்தான் பார்க்கும். அட்டவணையைக் கண்டும் காணாமல் தாண்டிப் போயிருக்கிறது, மடச் சாம்பிராணி!

சனிக்கிழமை முழுக்க அவள் கருவியைத் திருத்தினாள். அட்டவணை வழியாகவும் போகக் கற்றுக் கொடுத்தாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். யாராவது கூப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. புரோகிராம் தொடங்குகிற இடத்தில் இருந்து புறப்பட்டு, வழி இருக்கிற இடத்துக்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். வழி இல்லாததுதான் உண்மையில் செத்தது.

மறுபடி ஓடவிட்டாள். சஜனுடைய அத்தனையும் உயிரோடு இருந்தன. ஜிஜா கைதட்டிவிட்டாள். பிழைத்தான்!

பிறகுதான் கீழே பார்த்தாள். செத்தவை என்று இந்தத் தடவை வந்து நின்றவை எல்லாம் அவளுடையவை. அவை தங்களுக்குள் ஒன்றையொன்று நேராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் முதல் தடவை தப்பித்திருந்தன. வெளியில் இருந்து அவற்றிடம் போக ஒரு வழியும் இல்லை. அட்டவணையில் அவளுக்கிருந்த எண்களுக்கு எதிரே இப்போது சஜன் எழுதிய புதியவை இருந்தன. வரி மாறியிருக்கிறது, அளவு முறை மாறியிருக்கிறது, அவன் ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதியிருக்கிறான். அவளுடையதை மட்டும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒற்றசேகரமங்கலத்துக்குப் போனாள். கதவைத் திறந்த சஜனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"வா," என்றான்.

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஜின்சி சொன்னதையும் மறைக்காமல். அவன் வேலை போகாது என்று சொன்னபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எலே சஜா, நான் எழுதினது ஒண்ணு கூட ஓடல்லியே. எப்பவே அழிச்சிருக்கலாமில்லியா?"

"மனசு வரல்ல."

"ஓடாத சாதனத்தை வெச்சு என்ன செய்ய?"

சஜன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கம்பைல் பண்ணும்போ ஃபைல் பேரெல்லாம் ஸ்கிரீன்ல வரிசையா போவுமில்லியா? எனக்க ஃபைல் போவும், அதுக்க பொறத்த உனக்க ஃபைல் போவும். அதைப் பாக்கும்போ நீ அந்த ரூம்லதான் இருக்கியண்ணு ஒரு தோணல் ஆக்கும். வேற ஒண்ணும் இல்ல."

ஜிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவி, இத்தனை வருஷத்தில் ஒரு போன் செய்து இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! தானும் செய்யவில்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது.

"உனக்க ஃபைல் ஓடல்லண்ணு ரிப்போர்ட்ல எழுதாண்டாம்," என்றான் சஜன். "கெடந்துட்டுப் போட்டும்."

"அதை மறைச்சது தெரிஞ்சா, நீ எழுதினது ஓடுதுண்ணு சொன்னதையும் நம்ப மாட்டாவ. உனக்க வேல போவும்."

"போனா போட்டும்."

"சும்மா கெட. நவுரு."

அவனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய ஃபைல்களை அவளே ஒன்றொன்றாக அழித்தாள். பிறகு கம்பைல் செய்யச் சொல்லி விரலை எடுத்தாள். அழித்தவற்றில் ஒன்று எங்கேயாவது தேவைப்பட்டாலும் கம்பைலர் எரர் காட்டி நின்றுவிடும். பெயர்கள் ஓடின, எல்லாம் அவனுடையவை. ஓடி நின்றன.

"எரர் உண்டா?" என்றான் சஜன் பின்னாலிருந்து.

"ஒண்ணும் இல்ல."

வெளியே யாரோ ஸ்கூட்டரை ஓரமாக விடச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். இருவரும் அசையவில்லை.

"ஒண்ணாவது வரும்ணு நெனச்சேன் சஜா," என்றாள் ஜிஜா.

"நானும்தான்," என்றான் அவன்.