மறைக்கச் சொன்ன இடங்கள்

ஆர்வி என் மேஜைமேல் ஒரு வாளி மூடியை வைத்தான். நீல நிறப் பிளாஸ்டிக் மூடி. விளிம்பில் சேறு காய்ந்திருந்தது, உள்பக்கம் ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருந்தது. வந்தவன் உட்காரவில்லை. காபி வேண்டாம் என்று கையை ஆட்டினான். கதவைச் சாத்தினான், கண்ணாடி வழியாக வரவேற்பறையை ஒரு நோட்டம் விட்டான், பிறகுதான் வாயைத் திறந்தான்.

“இது குர்கிசுவோல கெடந்துச்சு.”

“யாருது?”

“அத நீதான் சொல்லணும், அதிகாரியம்மா.”

கோபம் வந்தால்தான் என் தம்பி என்னை அப்படிக் கூப்பிடுவான். மற்ற நேரங்களில் நான் அக்கா.

குர்கிசுவோ என்பது அப்பா எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டுப் போன சதுப்பு. ஜூலைக் கடைசியில் அங்கே ஹில்லா பழுக்கும். செடிக்கு ஒரே ஒரு பழம், ஆரஞ்சு நிறம், வாயில் போட்டால் தேனும் புளிப்பும் கலந்து கரையும். அந்த ஒரு பழத்துக்காக முழங்கால் வரை சேற்றில் இறங்கி, கொசுவுக்கு ரத்தம் கொடுத்து, முதுகு ஒடியக் குனிவோம். காடு யாருடையதாக இருந்தாலும் பழத்தை யாரும் பறிக்கலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். வேலி போட முடியாது, காவல் வைக்க முடியாது. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வழி. ஆர்வி தன் மனைவி சிர்பாவிடமே குர்கிசுவோ எங்கே இருக்கிறது என்று சொன்னதில்லை. அவளும் தன் பிறந்த வீட்டுச் சதுப்பை இவனிடம் சொன்னதில்லை. பழக் காலம் வந்தால் ஒரே வாசலிலிருந்து இரண்டு கார்கள் கிளம்பும், ஒன்று வலப்பக்கம் திரும்பும், மற்றது இடப்பக்கம். சாயங்காலம் இரண்டு வாளிகளும் ஒரே சமையலறைக்கு வந்து சேரும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதற்குப் பெயர்தான் எங்கள் ஊரில் நல்ல தாம்பத்தியம்.

ஆர்வியும் நானும் வருடத்தில் ஒரு நாள் குர்கிசுவோவுக்குச் சேர்ந்து போவோம். அப்பா இறந்தபின் எங்களுக்குள் மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் பேச எங்களுக்கு விஷயமே கிடையாது. சதுப்பில் மட்டும், ஆளுக்கொரு பக்கம் குனிந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல் எல்லாம் பேசிவிடுவோம். என் விவாகரத்தை நான் அவனிடம் சொன்னதே அங்கேதான்.

“நாடு பூரா ஒரே மேப்புன்னு கொண்டுபோய்க் கொடுத்தியே, அதுல இதையும் சேத்துக் கொடுத்துட்டியா?” என்றான்.

கொடுத்தது உண்மைதான். ஊராட்சி அலுவலகத்தில் வரைபடப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். காட்டுத் துறைக்கு ஒரு வரைபடம், சாலைத் துறைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு வைத்திருந்ததை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிடப் போவதாகத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து உத்தரவு வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது. போன குளிர்காலத்தில் காட்டோரம் குடியிருக்கும் பெரியவர் கவுகோவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ், சரளைக்கல் குழிக்குப் போய் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் வரைபடத்தில் பாதை அங்கே முடிந்துவிட்டது. எங்கள் வரைபடத்தில் அதே பாதை கவுகோவின் வாசல்வரை போனது. மனிதர் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அதனால் நான் காட்டுத் தடம், ஓடை, பலகைப் பாலம், சதுப்பு என்று ஒன்று விடாமல் அனுப்பினேன்.

ஆனால் உத்தரவில் ஒரு சலுகையும் இருந்தது. ஏதாவது ஓர் இடத்தின் விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டால், காரணத்தைத் துருவாமல் மறைத்துவிடலாம். அவ்வளவுதான், ஊரே என் அறைக்கு வந்தது. ஒவ்வொருவராக, மற்றவர் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. ஒருவர் கழுகுக்கூடு இருக்கிறது என்றார். ஒருவர் போர்க்காலக் குண்டு புதைந்திருக்கலாம் என்றார். மாதாகோவில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கும் மார்யத்தா, தான் குளிக்கும் குளம் என்று சொல்லிவிட்டு வெட்கப்படவும் செய்தாள். அவள் விரல் வைத்துக் காட்டிய சதுப்பில் யார் குளிப்பார்கள்? எல்லாம் ஹில்லா. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். நான் முகத்தை மரமாக வைத்துக்கொண்டு குறித்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட நான் வாளி எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆர்வியும் வந்தான், குர்கிசுவோவை மறைக்கச் சொன்னான், அவன் கண்ணெதிரிலேயே மறைத்தேன்.

“நீ பக்கத்துல நின்னு பாத்தேல்ல, மறைச்சத?” என்றேன்.

“பாத்தேன். நான் போனப்பறம் என்ன பண்ணியோ.”

“உன் வேட்டைக் கூட்டாளிங்க சும்மாவா? சவுனா நீராவில உக்காந்து நாலு பீர் உள்ள போனா நீ என்ன உளறுவேன்னு எனக்குத் தெரியாதா?”

அவன் முகம் சிவந்தது. அப்பாவின் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்வான் என்று நினைத்தேன், செய்யவில்லை. மூடியை அங்கேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தான்.

“இந்த வருஷம் நான் தனியா போய்க்கறேன். இனிமே எப்பவுமே தனியாத்தான்,” என்றான்.

அந்த ஒரு நாளும் போய்விட்டது. அதற்கு மேலும் ஒன்று உறுத்தியது. அவ்வளவு அவசரமாக என்மேல் பழி போடுகிறவன், தன்மேல் விழாமல் இருக்கத்தான் போடுகிறானோ என்று.

சனிக்கிழமை குர்கிசுவோவுக்குப் போனேன். வெட்டிய மரம் அடுக்கியிருந்த மேட்டுக்குப் பின்னால் காரை ஒளித்துவைத்துவிட்டுத் திருடி மாதிரி நடந்தேன். சதுப்பின் நடுவில் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், தலையில் கொசுவலை, கையில் நீல வாளி. ஒரு வாளிக்கு மூடி இல்லை. ஓவுலு நகரத்திலிருந்து வந்திருப்பதாகவும், தான் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என்றும் அந்தப் பெண் கேட்காமலே சொன்னாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இந்த எடத்த யார் சொன்னா?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. எங்களுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதே.” அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள். “இந்தப் புது மேப் இருக்குல்ல, ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க. இதோ, அங்கங்க சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா இருக்கு பாருங்க. ஊர்க்காரங்க கேட்டதால விவரம் மறைச்சிருக்குன்னு போட்டிருக்கு. நடுக்காட்டுல, அதுவும் சதுப்புல, மறைக்க என்ன இருக்கும்னு என் வீட்டுக்காரர்தான் யோசிச்சாரு. ஒண்ணுக்குப் போய்ப் பாத்தோம். வாளி நெறஞ்சிருச்சு. அப்பறம் வரிசையா எல்லாத்துக்கும் போறோம்.”

அந்தப் போனில் எங்கள் ஊர் முழுவதும் தெரிந்தது. மார்யத்தாவின் குளம், கழுகுக்கூடு, குண்டு, குர்கிசுவோ. தலைமுறை தலைமுறையாகப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாதவர்கள், என் அறைக்கு வந்து தாங்களாகவே விரலை வைத்துக் காட்டிய இடங்கள். நான் வெறுமனே மறைத்துத்தான் அனுப்பினேன். மறைத்த இடம் மறைத்தது என்று தெரிய வேண்டும் என்பது ஹெல்சிங்கியில் யாரோ போட்ட விதி. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கொசுவலை இல்லாமல் வந்துவிட்டதால் முகமெல்லாம் வேறு தடித்துவிட்டது.

நேராக ஆர்வி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சிர்பா ஏலக்காய் ரொட்டி அடுக்கிய தட்டை வைத்துவிட்டு, பேச்சு எதைப் பற்றி என்று புரிந்ததும் கண்ணியமாக வெளியே போய்விட்டாள். ஆர்வி என் போனில் திட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டா?” என்றான்.

“விடலாம். ஆனா இத்தனை பேர் நேர்ல வந்து மறைன்னு கேட்டிருக்காங்க. அவங்க சொல்லாம நான் எடுக்க முடியாது.”

“புதுசா யாராவது மறைக்கச் சொன்னா?”

“மறைக்கணும். காரணம் கேக்கக் கூடாது.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் படகை அவிழ்த்துவிட்ட அன்று பார்த்துக்கொண்ட மாதிரி.

திங்கட்கிழமை அவன் அலுவலகத்துக்கு வந்தான். இந்தத் தடவை காபி வாங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். “அக்கா, இதப் போடு,” என்று திரையில் விரலை வைத்தான். வெட்டிப் போட்ட காடு. சாம்பலாக்கினேன். சரளைக்கல் குழி. சாம்பலாக்கினேன். பழைய குப்பை மேடு, மொட்டைப் பாறை, ஒரு முள்ளுகூட முளைக்காத மணல் திட்டு. பல் மருத்துவர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குப்பை மேட்டில் ஹில்லா தேடுவதை அவன் நடித்துக் காட்டினான், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சதுப்பில் குனியாமலே இப்படிப் பேச எங்களுக்கு வருகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. சாம்பல் பரவிக்கொண்டே போனது. ஊரின் பாதி மறைந்துவிட்டது.

ஆனால் நான் வரைபடம் பார்த்தே வயிறு வளர்ப்பவள். ஏரிக்கு வடக்கே, ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அவன் விரல் வரவில்லை. கிழக்கிலிருந்து வந்தது, அந்த இடத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டது, மேற்கே போய் இறங்கியது. முதல் தடவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் அப்படியே தாண்டியது.

“இங்க ஒண்ணு போடலாமா?” என்று கேட்டேன்.

“அங்க எதுக்கு?” சட்டென்று சொன்னான். “அங்க ஒண்ணுமே கெடையாது. வெறும் பாறை. அப்பாவே சொல்லுவாரு.”

அப்பா என்னிடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னை அங்கே கூட்டிப்போனதும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டில் ஹில்லா ஜாம் தீர்ந்து போயிருக்கும்போது ஆர்வியின் மேஜையில் மட்டும் கிண்ணம் நிறைந்திருக்கும். சிர்பாவின் சதுப்பில் பறித்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த இடத்தை அவனுக்கு மட்டும் காட்டிவிட்டுச் செத்துப்போனவர்மேல் வந்தது.

“ஞாயித்துக்கெழம குர்கிசுவோவுக்குச் சேந்து போவோமா, அக்கா?” என்றான் எழுந்தபடி. குரல் ரொம்ப இளகியிருந்தது. நான் தலையாட்டினேன். அவன் கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு வரைபடத்தை முழுதாகச் சுருக்கிப் பார்த்தேன். ஏரிக்கரை முழுக்க ஒரே சாம்பல். வடக்கே, ஓடை பிரியும் இடத்தில் மட்டும் பச்சை, ஒவ்வொரு வளைவும் சுத்தமாகத் தெரிந்தது. மறைக்காமல் விட்ட ஒரே இடம் என்பதால், இனி ஓவுலுவிலிருந்து பார்த்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அதையும் மூடினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். காபிக் கோப்பை, அந்த நீல மூடியின்மேல் ஆறிக்கொண்டிருந்தது. நான் அம்புக்குறியை நகர்த்தி அந்தப் பச்சையின்மேல் நிறுத்தினேன், விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.