மூத்தவனின் தகடு

அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் வீட்டு செவர்லே இருந்தது. அது ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. நான் எழுபத்தாறில் பிறந்தவன். ஆனால் இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் மயானக் கணக்கர் ஏற்கமாட்டார். வண்டியின் கதவுத்தூணில் இருக்கும், ஆலை எண் பொறித்த தகட்டை விவரம் தெரிந்த ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோயம்புத்தூரில் அப்படி யாரும் இல்லாததால் என்னை வரச் சொன்னார்கள்.

மிச்சிகனில் இருபத்திரண்டு வருஷம் எனக்கு அதுதான் வேலை. பழைய அமெரிக்கக் கார்களை ஏலம் விடுமுன் அவற்றின் எண்ணைப் பிரித்துப் படித்து, அசலா போலியா என்று எழுதித் தருவேன். அப்பாவைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தது நான் முகம் பார்ப்பதற்காக என்று விமானத்தில் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நாச்சிமுத்து சித்தப்பா நின்றார்.

“வந்துட்டியா கண்ணு. நேரா ஷெட்டுக்குப் போ. நம்பரப் பாத்துச் சொல்லீட்டீன்னா எடுத்தர்லாம்.”

“அப்பாவைப் பாத்துட்டுப் போறனுங்க.”

“அவரு எங்கயும் போகமாட்டாரு. கணக்கர்தான் நாலு மணிக்குக் கெளம்பிருவாரு.”

வண்டியைக் குளிப்பாட்டி, முன்பக்கம் ஈரவேட்டி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் என் தங்கை பூங்கோதை படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். ‘மூத்த மகன்’ என்ற இடத்தில் பென்சிலால் ஏற்கெனவே ‘பெரியண்ணன்’ என்று எழுதியிருந்தாள். வண்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் சின்னண்ணன்.

நான் குனிந்து படித்தேன். முதலில் வி, எட்டு சிலிண்டர். அடுத்து சி, பெல் ஏர் வகை. ஐம்பத்தேழு, வருஷம். எஃப் என்றால் ஃபிளின்ட் ஆலை. மிச்ச இலக்கங்கள் அங்கே எத்தனையாவதாகப் பிறந்தது என்பதற்கு.

“அந்த ஊரு எங்க இருக்குது?” என்றார் சித்தப்பா.

“நான் இருக்கற எடத்துலருந்து பத்து மைலுங்க.”

“அது செரி. அவன் பொறந்த ஊர்ல நீ போயி உக்காந்துட்ட. நீ பொறந்த ஊட்டுல அவன் இருந்துட்டான்.”

“பெரியண்ணன் ஒருநாளும் டிக்கெட் கெடைக்கலேன்னு சொன்னதில்லீண்ணா,” என்றாள் பூங்கோதை. “செவ்வா, வெள்ளியானா அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டீட்டுப் போயிரும். எட்டு வருசம்.”

“நான் தெனமும் போன் பண்ணுனேன்.”

“ஆமா. அது பேசவே பேசாது. அப்பாவுக்கு அதான் புடிச்சுது.”

ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. உலகத்தில் பாதியைச் சுற்றி வந்தது, ஒரு வண்டி எனக்கு மூத்தது என்று எழுதிக்கொடுக்கத்தான். எழுதிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து வர வேண்டும்.

அப்போது தகட்டின் இரண்டு முனையிலும் திருகாணிகளைப் பார்த்தேன். ஆலையில் தகட்டைப் பற்றவைத்துத்தான் அனுப்புவார்கள். திருகாணி இருந்தாலே போலி என்று எங்கள் தொழிலில் எழுதிவிடலாம்.

“பெயின்ட் அடிக்கறப்ப அப்பாதாங்ண்ணா கழட்டி மாட்டுனாரு,” என்றாள் பூங்கோதை.

எழுத்துகளை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஃபிளின்ட்டில் அடித்த எழுத்துகள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிவத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, ‘போலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.

பூங்கோதை பென்சில் எழுத்தை அழித்துவிட்டு என் பெயரை எழுதினாள். சித்தப்பா வண்டியிலிருந்து ஈரவேட்டியை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினார்.

“போலிய ஊட்டுல வெச்சிருக்கக் கூடாது,” என்றார். “அவரோடயே அனுப்பிச்சரோணும்.”

அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். வண்டி தானே ஓட்டிக்கொண்டு போனது. வேகத்தடைகளில் நின்று மெதுவாக ஏறி இறங்கியது. அப்பாவுக்கு முதுகுவலி உண்டு. மயானத்தில் விறகின் மேல் தன்னைச் சரியாக நிறுத்திக்கொண்டு என்ஜினை அணைத்தது. நான் குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்தேன். வெறி அடங்காமல்தான் கொள்ளி வைத்தேன். தீ உள்ளே போனதும் ஹாரன் ஒலிக்க ஆரம்பித்தது. அது ஓயும்வரை எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். பிறகு சித்தப்பா, “திரும்பிப் பாக்காமப் போ,” என்றார்.

மறுநாள் காலை பாலூற்றப் போனோம். எனக்கு மொட்டையடிக்க வந்தவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே எலும்புகளைப் பொறுக்கிய சித்தப்பா, அப்பாவின் தோள்பட்டை எலும்பைப் பாலில் கழுவி என்னிடம் நீட்டினார். அதில் ஒரு தகடு இருந்தது.

திருகாணி எதுவும் இல்லை. ஓரங்களெல்லாம் பற்றவைத்தபடி அப்படியே இருந்தன.

“அசலுங்களா?” என்றார் கணக்கர்.

“அசல்தான்.”

“வருசம்?”

“எம்பதாம் வருசம்.”

அவர் படிவத்தைப் புரட்டி என் பிறந்த வருஷத்தைப் பார்த்தார். எழுபத்தாறு. இறந்தவர் என்ன உறவு என்ற இடத்தில் ‘தகப்பன்’ என்பதை அடித்துவிட்டு ‘தம்பி’ என்று எழுதினார்.

“சின்ன வயசு,” என்றார் சித்தப்பா.

தம்பிக்கு அண்ணன் மொட்டை போடும் வழக்கம் எங்களில் இல்லை. கல்லில் உட்கார்ந்திருந்தவர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.