பட்டியலில் இல்லாத பாட்டு

கெட்ட வார்த்தைகளைக் கேட்டு எழுதுவதற்காகவே ஒருவருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கால்பந்து லீகில் அந்த வேலைக்குக் கண்காணிப்பாளர் என்று கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள். செய்கிற காரியம் என்னவோ, ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியூர் ரசிகர்களின் கேலரியில் அவர்களில் ஒருவராக உட்கார்ந்து, உள்ளூர் ஆட்டக்காரர்களின் அம்மா அக்கா தங்கையை எல்லாம் அவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று ஒரு எழுத்து விடாமல் கொண்டுவந்து கொடுப்பது. பதினோரு வருடமாக அவர் இதைச் செய்துகொண்டிருந்தார். முதல் வருடம் காது கூசியது. இப்போதெல்லாம் கூசுவதில்லை, வலிக்கிறது, அவ்வளவுதான்.

கேலரியில் பேனாவை எடுத்தால் தீர்ந்தது கதை. நாலு பேர் சூழ்ந்துகொண்டு "என்ன பெரிசு, கவிதை எழுதறியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் சந்தேகம் வரும், ஆகவே கூடச் சேர்ந்து வாயசைக்க வேண்டும், தட்டும்போது கை தட்ட வேண்டும். இடைவேளை விசில் அடித்ததும் அவர் கழிப்பறைக்கு ஓடி, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, படிவத்தைச் சுவரில் வைத்து எழுதுவார். வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டித் தட்டித் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளை எழுத வேண்டிய அவசியமில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

மொட்டையாக 'ஆபாசமாகப் பாடினார்கள்' என்று எழுதினால் படிவம் அப்படியே திரும்பி வந்துவிடும். எந்த நிமிடம், எந்த வரிசைகள், என்ன வார்த்தை, ஏறக்குறைய எத்தனை குரல் என்று எல்லாம் வேண்டும். கடைசிக் கட்டத்தில் பட்டியல் எண் போட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து, தடை செய்யப்பட்ட வார்த்தைகள் நாற்பத்து மூன்றுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். பதினேழு என்றால் அம்மாவைப் பற்றியது. முப்பத்தொன்று என்றால் தோல் நிறத்தைப் பற்றியது. லீக் அலுவலகத்தில் கோபம் வந்தால் குமாஸ்தாக்களே ஒருவரையொருவர் "போய்யா, நீ ஒரு இருபத்திரண்டு" என்று திட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பட்டியல் பிரபலம்.

உள்ளூர் கோல்கீப்பரைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது; அதில் அந்த நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. வில்லங்கமே அங்கேதான் இருந்தது.

உள்ளூர் அணியின் கோல்கீப்பருக்கு முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசாத ஆள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெளியூரில் ஆடிவிட்டு மனைவியோடு காரில் திரும்பும்போது, சாலை ஓரம் நின்றிருந்த லாரியில் கார் மோதிவிட்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. மனைவி போய்விட்டாள். கார் ஓட்டியவர் பிரபல கோல்கீப்பர் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த சீசனிலேயே எதிரணி கேலரியில் யாரோ ஒரு புண்ணியவான் பாட்டுக் கட்டிவிட்டான். குழந்தைகள் பாடுகிற மெட்டு. ஒருமுறை கேட்டால் ஒரு வாரத்துக்கு நாக்கை விட்டு இறங்காது.

*வண்டிய ஓட்டினது யாரு? யாரு?*
*நீதானே! நீதானே!*

பிறகு இரண்டு கைதட்டல். கீப்பர் பந்தை உதைக்க ஓடிவரும்போதெல்லாம் ஐயாயிரம் பேர் இதைப் பாடுவார்கள். கண்காணிப்பாளர் நான்கு முறை படிவம் எழுதினார். நான்கு முறையும் 'பட்டியல் எண் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், தன்னை அறியாமல் அதே மெட்டை முணுமுணுத்துவிட்டார். அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"அந்தச் சனியன் பிடிச்ச பாட்ட வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நானா பாடறேன்? அதுவா வருதும்மா."

"அதுவா வருதாம். அந்தக் கீப்பர் பையன் காதுல விழுந்தா என்ன நினைப்பான்? நீங்களும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுன்னுதானே நினைப்பான்?"

அவருக்குச் சுருக்கென்றது. கன்னத்தில் பாதி நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னதில் என்ன தப்பு? போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பாட்டுக்கு அவர் ஒன்பது முறை கை தட்டியிருந்தார்.

அந்த வாரமே அவர் கீப்பரைப் போய்ப் பார்த்தார். பயிற்சி முடிந்து, உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார் கீப்பர்.

"குழு முன்னாடி நேர்ல வந்து உக்காருங்க தம்பி. பாதிக்கப்பட்டவர் வந்தா விசாரணை வச்சுத்தான் ஆகணும். இந்தத் தடவ விடறதில்ல."

"எதுக்குண்ணே. பாடிட்டுப் போறாங்க."

"உங்களுக்குப் பழகிடுச்சா?"

கீப்பர் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினார். பிறகு, "என் பொண்ணுக்கு எட்டு வயசாகுது. அப்பா ஆடறத ஒரு தடவகூட நேர்ல பார்த்ததில்ல. கடைசி மேட்சுக்காவது கூட்டிட்டுப் போப்பான்னு உயிர எடுக்கறா. எப்படிண்ணே கூட்டிட்டு வருவேன்? அவளுக்குக் காது கேக்குமே" என்றார்.

கடைசி ஆட்டம் அந்தப் பாட்டுக் கட்டிய எதிரணியோடுதான். அதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்தப் பிள்ளை வந்து உட்கார்வதற்குள் பாட்டை நிறுத்திக் காட்டுகிறேன் என்று கண்காணிப்பாளர் வாக்குக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் யாருக்கும் அவர் வாக்குக் கொடுத்தது கிடையாது.

விசாரணை புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, லீக் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். நீள மேசை, ஏழு நாற்காலி, எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகிற மின்விசிறி. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இடப்பக்கம் ஒரு பல் டாக்டர்; கால்பந்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. வலப்பக்கம் எதிரணி கிளப்பின் வக்கீல். மேசையின் அந்தக் கோடியில், பேசுவதை எல்லாம் தட்டச்சு செய்கிற செயலாளர் அம்மா. இந்தக் கோடியில் கண்காணிப்பாளர். அவரை ஒட்டினாற்போல கீப்பர்.

கண்காணிப்பாளர் எழுந்து படிவத்தை வாசித்தார். பதினாறாவது நிமிடம், வெளியூர் ரசிகர்கள் உட்காரும் கிழக்குக் கேலரி, ஏறக்குறைய ஐயாயிரம் குரல். வண்டியை ஓட்டியது யார், நீதானே. அவர் வாசித்த விதத்தில் அது போக்குவரத்துப் போலீஸ்காரர் கேட்கிற கேள்வி மாதிரிதான் இருந்தது.

வக்கீல் சிரித்தார். "இதுல தப்பான வார்த்தை எது சார்? வண்டிங்கறது தப்பா? ஓட்டறதுங்கறது தப்பா? அவர்தான் ஓட்டினாருன்னு எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அவரே இல்லன்னு சொல்லல. உண்மையச் சொன்னா அது எப்படி அவமானம் ஆகும்?"

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பொய்ப் பழின்னு நிரூபிச்சா விஷயமே வேற. பட்டியலே தேவையில்ல, அந்தக் கேலரிய மூணு மேட்சுக்கு மூடிடலாம். ஆனா இது பொய் இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வார்த்தையில இல்லாத கெடுதல் பாடற விதத்துல இருக்கலாம். நீங்க அங்கயே உக்காந்து கேட்டவர். அவங்க எப்படிப் பாடினாங்களோ, அப்படியே பாடிக் காட்டுங்க."

கண்காணிப்பாளர் படிவத்தை மேசையில் வைத்தார். "சார், இவரு இங்க இருக்காரு."

"அதனாலதான் கேக்கறேன். அவர் மேல எப்படிப் படுதுன்னு நாங்களும் பாக்கணுமில்ல?"

அவர் கீப்பரைத் திரும்பிப் பார்த்தார். கீப்பர் மேசையைப் பார்த்தபடி, "பாடுங்கண்ணே" என்றார்.

பாடினார். மெதுவாகத்தான் ஆரம்பிக்க நினைத்தார். ஆனால் அந்த மெட்டு மெதுவாகப் பாட வராது. பதினோரு வருடப் பழக்கம் வேறு. 'யாரு' என்ற இடத்தில் குரல் தானாக ஏறியது. 'நீதானே' என்ற இடத்தில் தலை தானாகக் கீப்பர் பக்கம் திரும்பியது. பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்திருந்தவரின் இரண்டு கையும், கேட்காமலே, பளார் பளார் என்று தட்டின.

தட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் உட்கார்ந்து மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். வெட்கத்தில் அவருக்கு முகம் எரிந்தது. இந்த வேலையை அன்றே விட்டுவிட்டு எங்காவது ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போகலாம் என்று தோன்றியது.

தலைவரும் பல் டாக்டரும் தலையைச் சேர்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். அப்போதுதான் கீப்பர் வாயைத் திறந்தார். ஐயாயிரம் பேர் கேட்டபோது அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒருவர் கேட்டதும் பதில் தானாக வந்துவிட்டது போலிருக்கிறது.

"நான் ஓட்டலண்ணே. அவதான் ஓட்டினா."

கண்காணிப்பாளர் திரும்பினார்.

"மேட்ச் ஆடி அசந்துபோயிருந்தேன். நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னா. தூங்கிட்டேன்." கீப்பரின் குரல் மூச்சுக் காற்று அளவுக்குத்தான் இருந்தது. "போலீஸ் ரிப்போர்ட்ல சரியாத்தான் இருக்கு. பேப்பர்காரங்க விசாரிக்காம என் பேரப் போட்டுட்டாங்க. நான் அப்படியே விட்டுட்டேன்."

கண்காணிப்பாளருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. ஜெயித்தாயிற்று! பொய்ப் பழி. பட்டியல் எண் தேவையில்லை. ஒரு போலீஸ் ரிப்போர்ட்டின் நகல் போதும், மூன்று ஆட்டத்துக்குக் கிழக்குக் கேலரியே இருக்காது, அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்து அப்பாவுக்குக் கை தட்டலாம். அவர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

மேசைக்கு அடியில் கீப்பரின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பந்து பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "எழுதிடாதீங்கண்ணே."

செயலாளர் அம்மா அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கீப்பர் ஏதோ சொன்னார் போலிருக்கே? இங்க எனக்கு விழல. என்ன சொன்னாருன்னு சொல்லுங்க சார், பதிவுல ஏத்தணும்."

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். ஐயாயிரம் பேரின் கூச்சலில் ஒற்றைச் சொல்லைப் பிரித்தெடுக்கிற மனிதர். மணிக்கட்டை அந்தக் கை இன்னும் விடவில்லை.

"எனக்குக் கேக்கல" என்றார்.

பல் டாக்டர் புருவத்தை உயர்த்தினார். வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்: வருந்தத்தக்கது, ஆனால் விதிமீறல் இல்லை. தலைவர் கீப்பரின் தோளைத் தட்டிக்கொடுத்து, மனதைத் தளர விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முறிந்து சேர்ந்த தோள் அது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் கண்காணிப்பாளருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கோபம் அப்போதுதான் வந்தது.

"ஒரு வார்த்தை தம்பி. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எதுக்கு இந்தப் பாட்டை நீங்க சுமக்கணும்?"

கீப்பரும் இரண்டு படி கீழே நின்றார்.

"சொன்னா நிறுத்திடுவாங்களா? அடுத்த வாரம் அவ பேர வச்சுப் பாடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கேலரி திறந்த முதல் நாளே புதுப் பாட்டு வந்துவிடும். என்ன மெட்டு, எங்கே கைதட்டல் என்பதுகூட அவருக்கு இப்போதே கேட்டது.

"என்னைத் திட்டட்டும்ணே. நான் இருக்கேன், வாங்கிக்கறேன்" என்றார் கீப்பர். "அவ இல்லையே."

"பொண்ணு?"

"டி.வி.ல பாக்கட்டும். சத்தத்தக் குறைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்."

கீப்பர் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மீதிப் படிகளை இருவரும் பேசாமல் இறங்கினார்கள்.

கடைசி ஆட்டத்துக்கும் கண்காணிப்பாளர் போக வேண்டும். கிழக்குக் கேலரியில் டிக்கெட் ஏற்கெனவே வந்துவிட்டது. வண்டியை ஓட்டினது யார் என்று ஐயாயிரம் பேர் கேட்பார்கள். அத்தனை பேரில் பதில் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரும் கீப்பரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களோடு சேர்ந்து, நீதானே என்றுதான் பாட வேண்டும்.