தலைப்பை மாற்றிய மதியம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பிக்கு ஒரு வலைப்பூ இருந்தது. நான்கு வருடமாக எழுதுகிறான். ஒரு நாளைக்கு ஒன்பது பேர் வந்துவிட்டால் தலைகால் புரியாது. அதில் மூன்று பேர் வழி தவறி வந்தவர்கள் என்பது வேறு விஷயம். அன்று காலை பக்கத்து மேஜைக்காரன்தான் தூபம் போட்டான்.

“எழுத்தெல்லாம் யாருக்குடா வேணும்? தலைப்பு சுண்டி இழுக்கணும். அப்புறம் பாரு கூட்டத்த.”

நல்ல புத்தி சொன்னால் ஏறாத மண்டையில் இது மட்டும் உடனே ஏறியது. போன வருடம் எழுதிய ‘குழாய் உடைந்த நாள்’ என்ற பதிவை எடுத்தான். ‘அண்ணன் இல்லாத வீட்டில் அண்ணியும் நானும்’ என்று தலைப்பை மாற்றி, நாலு வாட்ஸாப் குழுக்களில் போட்டான். பதினோரு மணிக்கு நானூறு பேர். ஒரு மணிக்கு நாலாயிரம். வந்தவர்கள் சராசரியாகப் பத்து நொடி நின்றார்கள். குழாயைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள்.

ஒன்றரைக்கு அண்ணனின் போன் வந்தது. பேருந்து ஓட்டுபவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே ஹாரன் தேவைப்படாது.

“டிப்போல ஒருத்தன் விடாம போனக் காட்டிச் சிரிக்கிறானுங்கடா! கிளம்பி வீட்டுக்கு வா! அவளும் இருக்கட்டும்!”

தம்பி பழைய தலைப்பையே திரும்ப வைத்தான். என்ன பிரயோசனம்? ஊரார் போன்களில் புதுத் தலைப்பு போய்ச் சேர்ந்து, அவன் படத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். பதிவை அண்ணன் முழுதாகப் படித்தால் போதும், அண்ணிமேல் ஒரு தூசு ஒட்டாது. ஆனால் படிக்கவும் கூடாதே! போன வருடம் ஒருநாள், அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சொட்டிய குழாயை அண்ணியே முறுக்கப் போய் அது உடைந்தது. பிளம்பர் வரும்வரை இரண்டு மணி நேரம் இருவரும் துணியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். நனைந்து நின்ற அண்ணி சொன்னார்: “உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அவர் சத்தம் போட்டா எனக்குக் கை கால் உதறுது. ஆறு வருஷமாகியும் பழகல.” சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான். செய்துவிட்டு, அந்த வாரமே அதை வார்த்தை மாறாமல் எழுதிப் போட்டான், பாவி. அண்ணன் எதையும் படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியம்.

அவன் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் அண்ணனின் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்தார்.

“என்னாச்சு தம்பி?”

“மன்னிச்சிடுங்க அண்ணி. அந்தக் குழாய் விஷயத்த எழுதிட்டேன். நீங்க சொன்னது எல்லாத்தையும்.”

அண்ணியின் முகம் வெளுத்தது. காக்கிச் சட்டையோடு அண்ணன் உள்ளே வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“முழுசாப் படிச்சிடுங்க அண்ணா,” என்று போனை நீட்டினான். “அப்புறம் எவ்வளவு வேணாலும் அடிங்க.”

அண்ணன் பிடியை விட்டுப் போனை வாங்கினார். எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். பத்து நொடி தாண்டியது. இரண்டு நிமிடமும் தாண்டியது. கடைசிப் பகுதியில், அண்ணி சொன்னது வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. மேலே தள்ளி அதே இடத்தை மறுபடி படித்தார். நாலாயிரம் பேர் வந்த பதிவைக் கடைசிவரை படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அண்ணன் நிமிர்ந்தார். வாயைத் திறப்பதற்குள் அண்ணி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“கத்த மாட்டீங்களே?”

அண்ணன் அந்த இரண்டடி தூரத்தைப் பார்த்தார்.

“கத்த மாட்டேன்.”

பழக்கத்தில் அதுவும் சத்தமாகவே வந்தது. அண்ணி திடுக்கிட்டுத் தோளைக் குறுக்கினார். அண்ணன் இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார்.